கொறங்காட்டு மண் தேறுவதற்கு மாட்டை நாள்தோறும் இடம் மாற்ற வேண்டுமா?

மூலனூர்ப் பக்கம் ஒன்பது ஏக்கர் கொறங்காடு பாகத்தில் வந்திருக்கிறது, பல ஆண்டுகள் குத்தகையில் இருந்ததில் கொழுக்கட்டைப்புல் அருகித் திட்டுத் திட்டாக வெறுந்தரை தெரிகிறது, காணொளிகளில் பார்த்த அமெரிக்கப் பண்ணைகளைப் போல மாடுகளை நாள்தோறும் இடம் மாற்றி மேய்த்தால் மண் தேறுமா, மண்ணில் கரிமம் (கார்பன்) கூடுமா, எத்தனை உருப்படி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மண் தேறும். ஆனால் அதைத் தேற்றுவது இடமாற்றம் என்ற வேலையைக் காட்டிலும் புல்லுக்குக் கிடைக்கும் ஓய்வும், நிலம் தாங்கும் அளவுக்குள் நிற்கும் உருப்படிக் கணக்கும்தான். கரிமத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் எண்களில் பெரும்பாலானவை உங்கள் மழைக்குப் பொருந்தாதவை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் கொறங்காடு என்பது தனியாருக்குச் சொந்தமான, வேலியடைத்த மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், அதற்கு மேலே பரவலாக வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி என்ற மூன்றும் சேர்ந்ததே அதன் அமைப்பு. புல்லிடையே நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் மழைக்குத் தானாக முளைத்துத் தழைச்சத்தைக் கொண்டுவருகின்றன. நம் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் மேய்ச்சல் நிலம் ஊர்ப் பொதுவாக இருக்க, இங்கே அது வேலிக்குள் இருக்கிறது என்பதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. எப்போது படலைத் திறப்பது, எப்போது சாத்துவது என்ற முடிவு ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதால்தான் புல்லுக்கு ஓய்வு கொடுக்க முடிகிறது. மண்ணைத் தேற்றும் விதமாக மேய்ப்பதை இன்று மேலைநாடுகளில் மீளுருவாக்க மேய்ச்சல் என்கிறார்கள்; அதற்கு வேண்டிய முதல் சாதனமான வேலி உங்கள் நிலத்தில் ஏற்கெனவே வளர்ந்து நிற்கிறது. குத்தகைக்காரர் அதைப் பயன்படுத்தவில்லை. ஆண்டு முழுவதும் படல் திறந்தே கிடந்திருக்கும் என்று நீங்கள் சொல்லும் நிலைமையிலிருந்து ஊகிக்கிறேன்.

ஓய்வு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு விடை வேரில் இருக்கிறது. கொழுக்கட்டைப்புல் பல்லாண்டுப் பயிர். கோடையில் மேலே காய்ந்தாலும் தூரின் அடியில் உயிர் இருக்கும், ஒரு மழை பெய்தால் அங்கிருந்துதான் துளிர்க்கும். அந்த முதல் துளிருக்கான உணவு அடித்தண்டிலும் வேர்க்கழுத்திலும் சேமித்து வைத்திருந்தது. துளிர் ஓரளவு இலையாகிச் சேமிப்பை ஈடுகட்டுவதற்குள் மாடு மீண்டும் கடித்துவிட்டால், தூர் தன் கைம்முதலைத் தின்று பிழைக்க வேண்டியதாகிறது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் வேர் சுருங்கும். அடுத்த வறட்சியில் தூரே செத்துப்போகும். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கிரைடர் என்பவர் 1955இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இலையில் பாதிக்குக் குறைவாக வெட்டிய புற்களில் வேர் வளர்ச்சி பெரிதாகத் தடைபடவில்லை. அதற்கு மேல் போகப் போக வேர்கள் நின்றன. 80 சதவீதமும் அதற்கு மேலும் வெட்டியபோது வேர் வளர்ச்சி பல நாட்களுக்கு முழுவதுமாகவே நின்றுவிட்டது. ‘பாதி மேய், பாதி விடு’ என்ற விதி இதிலிருந்து வலுப்பெற்றதுதான். வேர் வளரும்போது மண்ணுக்குள் கசியும் சர்க்கரைதான் நுண்ணுயிர்களுக்கு உணவு. அவை சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும்தான் மண் துகள்களைப் பிணைத்துக் கட்டிகளாக்குகின்றன. ஆகவே வேர் நின்றுபோன நிலத்தில் மண் கட்டமைப்பும் வளர்வதில்லை.

பிரான்சைச் சேர்ந்த ஆந்த்ரே வோசான் 1950களில் இதை இரண்டு கணக்குகளாக வகுத்தார். ஒரு துண்டிலிருந்து கால்நடை வெளியேறிய பின் புல் முழுதாகத் தேறும் வரை திரும்பி வரக் கூடாது என்பது ஒன்று. ஒரு துண்டுக்குள் இருக்கும்போதே புதுத்துளிரை இரண்டாம் முறை கடிக்கும் அளவுக்கு அங்கே தங்கக் கூடாது என்பது மற்றொன்று. ஓய்வு நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதை அவர் வலியுறுத்தினார். நாட்காட்டியைப் பார்த்துச் சுழற்றுகிறவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

நீங்கள் பார்த்த காணொளிகளின் பின்னால் இருப்பவர் ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஆலன் சேவரி. ஏராளமான மாடுகளை நெருக்கமாகக் கூட்டி, குளம்பால் மண்ணின் இறுகிய மேலோட்டை உடைத்து, விரைந்து நகர்த்தினால் பாலைநிலமும் பசுமையாகும் என்பது அவருடைய வாதம்; 2013இல் அவர் ஆற்றிய ஒரு டெட் உரை உலகெங்கும் பரவியது. நிலத்தை நேரில் கவனித்து மேய்ச்சலைத் திட்டமிடச் சொன்னது அவருடைய பெரிய பங்களிப்பு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பிரிஸ்கேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் அதுவரை நடந்த மேய்ச்சல் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உருப்படி எண்ணிக்கை சமமாக இருந்த இடங்களில் சுழற்சி மேய்ச்சல் தொடர் மேய்ச்சலைவிடத் தொடர்ந்து அதிகப் புல்லையோ அதிக எடையையோ தந்ததாகத் தெரியவில்லை. சோதனைகள் விறைப்பான அட்டவணைப்படி நடந்தவை, நேரில் கண்டு மாற்றிக்கொள்ளும் விவசாயியின் திறமை அவற்றில் இல்லை என்பது மறுதரப்பின் பதில். அதிலும் நியாயம் உண்டு. ஆயினும் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒன்று இருக்கிறது: நிலம் தாங்காத அளவுக்குத் உருப்படிகளை ஏற்றினால் எந்தச் சுழற்சியும் காப்பாற்றாது. குளம்பு மேலோட்டை உடைக்கும் என்ற பேச்சையும் நம் செம்மண் சரளையில் நான் ஏற்பதில்லை. ஈர மண்ணில் மிதித்தால் அது இறுகுகிறது, காய்ந்த மண்ணில் மிதித்தால் புழுதியாகிக் காற்றோடு போகிறது. உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் அது எங்கே போய்ச் சேரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எனவே முதலில் உருப்படிக் கணக்கைப் போடுங்கள். தேய்ந்துபோன கொறங்காட்டில் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 1 டன் காய்ந்த எடையுள்ள புல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான அளவை நீங்களே ஒரு சதுர மீட்டர்ச் சட்டம் போட்டு, பத்துப் பன்னிரண்டு இடங்களில் அறுத்து, காயவைத்து, எடைபோட்டுத் திருத்திக்கொள்ளலாம். பாதியை விட்டுவிட வேண்டும் என்பதால் ஒன்பது ஏக்கருக்கும் சேர்த்து மேய்ச்சலுக்குக் கிடைப்பது 4.5 டன். 320 கிலோ எடையுள்ள காங்கேயம் பசு நாளொன்றுக்கு உடல் எடையில் இரண்டரை சதவீதம், அதாவது 8 கிலோ காய்ந்த தீவனம் தின்னும். ஆண்டில் 200 நாள் மேய்ச்சல், மீதி நாட்களுக்குச் சோளத்தட்டு என்று கொண்டால் ஒரு பசுவுக்கு 1.6 டன். இரண்டு பசுவுக்கு 3.2 டன் போக எஞ்சும் 1.3 டன்னில் நாளுக்கு ஒரு கிலோ தின்னும் செம்மறி ஆறு வைக்கலாம். இரண்டு பசுவும் ஆறு ஆடும்தான் ஒன்பது ஏக்கருக்கு என்றால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் நிலத்தைத் தேற்றும் முதல் மூன்று ஆண்டுகளுக்கு இதற்கு மேல் ஏற்றக் கூடாது என்பதே என் கருத்து. புல் அடர்ந்து மகசூல் இரட்டிப்பானால் எண்ணிக்கையும் தானாக இரட்டிப்பாகும்.

அடுத்தது துண்டு பிரித்தல். மழைக்காலத்தில் கொழுக்கட்டை தேறுவதற்கு 35 முதல் 45 நாள் தேவை. நிலத்தை ஆறு துண்டாகப் பிரித்து 40 நாள் ஓய்வு தர வேண்டுமானால், மற்ற ஐந்து துண்டுகளிலும் சேர்த்து அந்த 40 நாளைக் கழிக்க வேண்டும். துண்டுக்கு எட்டு நாள். மழை நன்றாகப் பெய்து புல் வேகமாக வளரும்போது நாலைந்து நாளிலேயே புதுத்துளிர் கடிபடும் உயரத்துக்கு வந்துவிடும், ஆகவே எட்டு நாள் அதிகம். ஒவ்வொரு துண்டையும் தற்காலிகமாக இரண்டாக்கினால் பன்னிரண்டு துண்டு, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் என்று கணக்கு சரியாக வருகிறது. அதற்கு மேல் நாள்தோறும் மாற்றுவதால் கிடைக்கும் கூடுதல் பலன் இவ்வளவு சிறிய மந்தைக்கு மிகக் குறைவு. வேலை மட்டும் கூடும். நிலையான தடுப்புக்குக் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டுவிடுங்கள், அது வேலியாகும்வரை கம்பி இருக்கட்டும். தற்காலிகத் தடுப்புக்குச் சூரிய ஒளி மின்வேலி வசதியானது. ஆனால் அதற்கென உள்ள துடிப்பு மின்கருவி இல்லாமல் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது உயிரைப் பறிக்கும், குற்றமும் ஆகும். காப்புக்காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால் மின்வேலிக்கென்று தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு பசுதான் என்றால் மின்வேலியும் வேண்டாம், நீளக் கயிற்றில் முளையடித்துக் கட்டினாலே போதும். தண்ணீர்த் தொட்டி எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவாக நடுவில் இருக்கட்டும். தொட்டி ஒரு மூலையில் இருந்தால் அந்த மூலைதான் முதலில் வெறுந்தரையாகும்.

ஓராண்டில் எல்லா நாட்களும் சமமானவை அல்ல. கோடை மழைக்குப் பின்னும், ஐப்பசி மழை தொடங்கிய பின்னும் வரும் முதல் ஐந்தாறு வாரங்கள்தான் கொழுக்கட்டையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. பச்சை கண்டவுடன் படலைத் திறந்துவிடும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. மாடு காய்ந்த தட்டைத் தின்று சலித்து நிற்கும்போது பச்சையைக் காட்டி மறைப்பது மனத்துக்கும் கஷ்டம்தான். அந்த வாரங்களில் மாட்டைக் கட்டுத்தறியிலோ, ஏற்கெனவே கெட்டுப்போன ஒரே துண்டிலோ நிறுத்தித் தட்டுப் போடுங்கள். இதற்காகவே கூடுதலாக ஒரு தட்டுப்போர் வைத்திருப்பது, தீவன மூட்டைக்குச் செலவிடுவதைவிட லாபமானது. மார்கழிக்குப் பிறகு புல் காய்ந்த நிலையில் சுழற்சிக்கு அர்த்தம் குறைவு. அப்போது கவனிக்க வேண்டியது தரையை மூடியிருக்கும் காய்ந்த புல்தாளின் உயரம் ஒன்றே. நான்கு விரல் உயரத் தாள் நிற்கும் வரைதான் ஒரு துண்டில் மேயலாம். ஆடிக் காற்றையும் அடுத்த மழையின் முதல் அடியையும் தாங்கப் போவது அந்தத் தாள்தான்.

வெறுந்திட்டுகளுக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நிலத்தில் முதன்மையான வேலை அதுவே. இரவில் ஆடுமாடு போடும் சாணமும் புழுக்கையும் மூத்திரமும் ஒரு நாள் கழிவில் கணிசமான பங்கு. அவை முழுவதும் ஒரே பட்டியில் குவிந்து, எருவாக விலைக்குப் போனால் ஒன்பது ஏக்கரின் சத்து ஆண்டுதோறும் வண்டியேறி வெளியே போகிறது என்று பொருள். தெற்கே கீதாரிகள் எனப்படும் ஆட்டு இடையர்கள் வயலுக்கு வயல் கிடை மாற்றுவதைப் போல, நீங்களும் படலால் அடைத்த சிறு பட்டியைத் திட்டுக்குத் திட்டு நகர்த்துங்கள். ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவு போதும். மழைக்கு முன் இப்படிப் பட்டி போட்ட திட்டில் லேசாகக் கொத்திவிட்டுக் கொழுக்கட்டை விதையைத் தூவலாம். புதிதாக அறுத்த விதை உறக்கத்தில் இருக்கும் என்பதால் ஆறேழு மாதம் பழகிய விதையே முளைக்கும்; மயிர் மூடிய அந்த விதை காற்றில் பறக்காமலிருக்க ஈரமணலோடு பிசைந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதையாமல் விதைக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நீலக் கொழுக்கட்டை கோ 1 இரகம் கிடைக்கும். பயறு வகைக்கு முயல்மசால் மானாவாரிக்கு ஏற்றது. அதன் கடினமான விதையை வெந்நீரில் சில நிமிடம் போட்டெடுத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். விதைத்த திட்டில் முதலாண்டு விதை உதிரும் வரை வாய் வைக்க விடாதீர்கள். முழு நிலத்தையும் உழுது சோளம் விதைத்துப் புதுப்பிக்கும் வழக்கமும் உண்டு. தூர் மிச்சமிருக்கும் நிலத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், உழவு ஒருமுறை மண்ணைக் கிளறும்போது பல ஆண்டு சேர்ந்த கரிமம் காற்றாகிப் போகும். (இதே கொழுக்கட்டை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் அடக்க முடியாத களையாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. இங்கே அதை விதைத்து வளர்க்கப் பாடுபடுகிறோம்.)

வெள்வேல மரங்களை வெட்டாதீர்கள். அவற்றின் நெற்று கோடையில், புல் இல்லாத நாளில் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகிறது; மெல்லிய நிழலாகையால் அடியில் புல்லும் வளர்கிறது. சீமைக்கருவேலம் வேறு கதை. அதன் நெற்றைத் தின்ற மாட்டின் சாணத்தில் விதை கெடாமல் வந்து முளைக்கும், எனவே வெளியே மேய்ந்துவிட்டு வந்த மாட்டை நேராகத் தேறும் துண்டுக்குள் விடக் கூடாது.

இனி கரிமம். உழவுமண் அரையடி ஆழத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 900 டன் எடை இருக்கும். அங்ககக் கரிமம், அதாவது செடி கொடி, உயிர்களிலிருந்து வந்த கரிமம், 0.1 சதவீதம் கூடுவது என்றால் 0.9 டன் கரிமம் சேர்கிறது. உங்கள் ஏக்கரில் மேலே 1 டன் புல்லும் ஏறத்தாழ அதே அளவு வேரும் விளைகின்றன என்று கொண்டால், அவை அனைத்திலும் உள்ள கரிமமே மொத்தம் 0.9 டன்தான். அதில் பெரும்பகுதி மாட்டின் மூச்சிலும் நுண்ணுயிர்களின் மூச்சிலும் திரும்பிப் போய்விடும். பத்தில் ஒரு பங்கு நிலைத்தாலே நல்ல மண் என்பேன். ஆக, 0.1 சதவீதம் கூடப் பத்தாண்டு ஆகலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் வொயிட் ஓக் பாஸ்ச்சர்ஸ் பண்ணையைப் பற்றி 2020இல் வெளிவந்த ஆய்வில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2.29 டன் கரிமம் சேர்ந்ததாகச் சொல்லப்பட்டது. அங்கே மழை உங்களுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. தொடக்கத்தில் அது பயிர் செய்து தேய்ந்த நிலம். வெவ்வேறு வயதுடைய துண்டுகளை ஒப்பிட்டு எடுத்த கணக்கு அது. வழக்கமான மாட்டிறைச்சி உற்பத்தியைவிட இரண்டரை மடங்கு நிலம் தேவைப்பட்டது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த 2.29 டன்னை ஏக்கருக்கு மாற்றினால் 0.93 டன் வரும். உங்கள் நிலத்தில் ஓராண்டு விளையும் புல், வேர் முழுவதையும் அப்படியே புதைத்தாலும் எட்டாத எண் அது. கரிம வரவை விற்றுப் பணம் பெற்றுத் தருவதாக யாரேனும் வந்தால் இந்தக் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மண் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் வட்டாரத்தில் பல இடங்களில் அடியில் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) இருக்கிறது. மாதிரியை எரித்து மொத்தக் கரிமம் அளக்கும் முறையில் சுண்ணாம்பில் உள்ள கரிமமும் சேர்ந்து வந்துவிடும். அங்ககக் கரிமம் மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழ் குறைவு, 0.75க்கு மேல் அதிகம் என்பது நம் ஆய்வகங்களின் வகைப்பாடு. ஒரே இடம், ஒரே ஆழம், ஒரே மாதம் என்று மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். ஆண்டுதோறும் எடுத்தால் ஆய்வகப் பிழையைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

அதைவிட விரைவாகத் தெரிவது நீர் உட்புகும் வேகம். ஆறு அங்குல விட்டமுள்ள பிவிசி குழாயில் ஐந்து அங்குலம் அறுத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி மூன்று அங்குலம் மண்ணில் இறக்குங்கள். உள்ளே ஒரு பாலித்தீன் தாளை விரித்து, 450 மில்லி தண்ணீர் ஊற்றி, தாளை மெல்ல உருவிவிட்டு, தண்ணீர் மறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஓர் அங்குல மழைக்குச் சமம். மண்ணின் ஈரம் விடையைக் குழப்பும் என்பதால் அதே இடத்தில் இரண்டாம் முறை ஊற்றி எடுக்கும் நேரமே கணக்கு. வெள்வேல மரத்தடி, நல்ல புல் தூரின் பக்கம், வெறுந்திட்டு, படலையொட்டிய தடம் ஆகிய நான்கிலும் செய்தால் உங்கள் நிலம் எவ்வளவு மழையை இழக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். மேய்ச்சலைச் சரிசெய்த இரண்டாம் மூன்றாம் ஆண்டில் முதலில் மாறுவது இந்த நேரம்தான். கரிமம் மாறுவது அதற்கு வெகு பின்னால்.

சாணத்தையும் கிளறிப் பாருங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆன சாணத்தில் துளைகளும் அடியில் புதுமண் குவியலும் இருந்தால் சாணவண்டு வேலை செய்கிறது. அப்பம் போலச் சொட்டையில்லாமல் காய்ந்து கிடந்தால் வண்டு இல்லை. குடற்புழுவுக்குப் போடும் ஐவர்மெக்டின் சாணத்தோடு வெளிவந்து வண்டுப் புழுக்களைக் கொல்லும் என்பதால், எல்லா உருப்படிக்கும் தேதி வைத்துப் போடாமல், கால்நடை மருத்துவமனையில் சாணத்தைச் சோதித்துத் தேவையானவற்றுக்கு மட்டும் போடுங்கள். போட்ட மாட்டை இரண்டு வாரமாவது கட்டுத்தறியில் நிறுத்துங்கள்.

கடைசியாக, மழை பொய்த்த ஆண்டு. தை பிறந்ததும் நிற்கும் புல்லை எடைபோட்டு, தட்டுப்போரையும் சேர்த்து, எத்தனை நாள் வரும் என்று கணக்கிடுங்கள். சித்திரைவரை தாங்காது என்றால் அந்த மாதமே ஆட்டில் பாதியையும் தேவையானால் ஒரு பசுவையும் விற்றுவிடுவது நல்லது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போகலாம் என்று காத்திருந்தால், அதே வறட்சியில் அதே முடிவுக்கு வந்த அத்தனை பேரும் அங்கே மாட்டோடு நிற்பார்கள். எலும்பு தெரியும் மாட்டுக்கு அப்போது என்ன விலை வரும் என்பது உங்களுக்கே தெரியும், அதற்குள் தூரும் கடைசி விரல்கடை வரை மேய்ந்து போயிருக்கும்.